பொட்டலம் பேசிய இருபத்திமூன்று சொற்கள்

அணைக்கட்டு முகாம்
மார்ச் 2

அன்புள்ள ரேடியோவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உனக்கு ஒரு தும்மல் வந்திருந்தாலும் தெரு முழுக்கச் செய்தி வாசித்திருப்பாய்.

தம்பியைப் பேச்சுப் பயிற்சி மையத்தில் சேர்க்க அம்மா அனுப்பிய படிவத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. இரண்டு முறை டவுனிலிருந்து கூப்பிட்டும் அவள் போனை எடுக்கவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன். அவளுக்குப் படித்துக் காட்டு. என்னைப் போல நடித்துக் காட்ட வேண்டாம். படித்தால் போதும்.

மூன்றாம் பக்கத்தில் "குழந்தை பேசும் சொற்களின் எண்ணிக்கை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அம்மா அதில் பூஜ்யம் போட்டிருக்கிறாள். நான் அதை அடித்துவிட்டு இருபத்திமூன்று என்று எழுதியிருக்கிறேன். வாய்க்கு வந்ததை எழுதவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு முகாம் பஸ் எங்களைக் கீழே டவுனில் இறக்கிவிடும். அங்கே வருகிற ஒற்றைக் கோடு சிக்னலில் படம் ஓடாது, குரல் மட்டும் வரும். தம்பி பொட்டலம் அனுப்பிய ஏழு குரல் செய்திகளையும் கேட்டு, ஒவ்வொரு சொல்லாக டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். அப்பா, வா, லாரி, பெரிசு, தா, சீக்கிரமா, இன்னும் பதினேழு. மூன்று வயது முடியாத பையனுக்கு இது போதாதா?

நானே நாலு வயதில்தான் வாயைத் திறந்தேன் என்று உன் அத்தை சொல்வாள். இப்போது பேசவில்லையா? "இப்பவும் பேசறதில்லையே" என்று அம்மா சொல்வாள். அது வேறு வழக்கு.

போன மாதம் அவளிடம், "அவன் என்கிட்ட பேசறான். உன்கிட்ட பேசாட்டி அதுக்கு நான் என்ன பண்றது?" என்று கேட்டேன். பட்டென்று வைத்துவிட்டாள். நான் கேட்டதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நன்றாக இருக்கிற பிள்ளையை ஒரு மையத்தில் கொண்டுபோய் உட்காரவைத்து, நெற்றியில் ஒரு பேர் ஒட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

பொட்டலத்துக்கு ஒரு முத்தம். புதுச் செய்தி இருந்தால் அனுப்பச் சொல்.

அப்பா

*

வீடு
மார்ச் 7

அன்பும் பண்பும் பாசமும் பொறுமையும் (முக்கியமாகப் பொறுமையும்) நிறைந்த அப்பாவுக்கு,

இவ்வளவு பெரிய அடைமொழியைப் பார்த்ததுமே நான் ஏதோ செய்துவிட்டேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். முதலில் உட்காருங்கள். கிரேன் இருக்கையில் வேண்டாம். தரையில்.

தலைப்புச் செய்திகள்: சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. அம்மாவுக்கு மருந்துக்கடையில் காலை நேர வேலை கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னை ஒரு வாரம் வெளியே வைத்தது முடிந்துவிட்டது. ஏன் வைத்தார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், விஷயத்துக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். தலைமையாசிரியையின் குரலில் மைக்கைப் பிடித்து, "இன்று மதியத்துக்கு மேல் வகுப்புகள் கிடையாது, மாணவிகள் வரிசையாக வீடு செல்லவும்" என்றேன். ஆறாம் வகுப்பு மொத்தமும் கிளம்பிப் போய்விட்டது. கணக்கு டீச்சரும் போய்விட்டார். அவ்வளவு தத்ரூபம்.

சுற்றி வளைத்து வளைத்து எனக்கே தலை சுற்றுகிறது. சொல்லிவிடுகிறேன்.

அப்பா, அந்த ஏழு செய்தியும் நான்தான்.

பொட்டலம் பேசவில்லை. ஒரு சொல்கூட. இருபத்திமூன்றும் என் சரக்கு. அம்மா போட்ட பூஜ்யம்தான் சரி.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். நவம்பரில் ஒரு ஞாயிறு நீங்கள் கூப்பிட்டு, "பொட்டலத்துக்கிட்ட குடு" என்றீர்கள். நான் போனை அவன் காதில் வைத்துப் பிடித்தேன். நீங்கள் "அப்பாடா கண்ணா, அப்பா பேசறேன்டா" என்று நாலு நிமிஷம் சொன்னீர்கள். அவன் துணி கிளிப்பை வாளி விளிம்பில் மாட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் நீங்கள் "சரி, விடும்மா" என்றீர்கள். அந்த "சரி, விடும்மா"வை என்னால் விட முடியவில்லை. அணை கட்டுகிறவர் பிள்ளைகளை அணைக்க வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருகிறார் என்று நான் ஒரு ஜோக் வைத்திருந்தேன். அன்றைக்கு அது ஜோக்காகவே இல்லை.

அடுத்த நாள் குளியலறையில் நின்று, மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, "அப்பா" என்று ஒன்றே ஒன்று அனுப்பினேன். அதைக் கேட்டு டவுன் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் குதித்ததாகச் சொன்னீர்கள். கைதட்டல் கிடைத்தால் நான் நிறுத்துகிற ஆளா? பிறகு "வா", பிறகு "லாரி". பேச முடியாதவர்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நான் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்துவிட்டேன்.

அதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் படிவத்தில் பூஜ்யத்தை அடித்திருந்ததைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அம்மா நிரப்பிக் கையெழுத்துப் போட்ட புதுப் படிவம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், பாருங்கள். மூன்று வயது முடிவதற்குள் வருகிற பிள்ளைகளை மையத்தில் சின்னப் பிள்ளைகள் குழுவில் உடனே எடுத்துக்கொள்வார்கள். தாண்டிவிட்டால் பெரிய பட்டியல், ஒன்பது மாதக் காத்திருப்பு. மே ஒன்பதாம் தேதி அவனுக்கு மூன்று முடிகிறது. இந்தக் குழுவுக்கு மார்ச் 31 கடைசி நாள். அப்பா, அம்மா இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். இந்த வயதில் மூளை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு மாதமும் முக்கியம் என்று குழந்தை டாக்டர் சொன்னார்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் என் குரலை இனிமேல் நீங்கள் நம்புவீர்களா? காகிதத்தில் மிமிக்ரி பண்ண முடியாது.

ரேடியோ

*

மார்ச் 13

உன் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன்.

நாலாவது செய்தியை, "அப்பா லாரி பெரிசு" என்று வருமே, அதைக் கேன்டீனில் எல்லோருக்கும் போட்டுக் காட்டியிருந்தேன். வெல்டர் கைதட்டினார். சமையல்காரர் எனக்கு ஒரு கரண்டி அதிகமாகப் போட்டார்.

படிவம் என் பெட்டியில் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. கோபம் இருக்கிறது, ஆனால் காரணம் கோபம் இல்லை. பேசுகிறான் என்று நீ காட்டினாய், நம்பினேன். பேசவில்லை என்று இப்போது நீயே சொல்கிறாய். அதையும் அப்படியே நம்ப வேண்டுமா? உன்னிடம் எது நடிப்பு, எது நிஜம் என்று இவ்வளவு தூரத்தில் இருந்து நான் எப்படித் தெரிந்துகொள்வது?

அம்மாவிடம் சொன்னாயா? நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கவனித்தேன்.

முதலில் அவளிடம் சொல். பிறகு எனக்கு எழுது. வேடிக்கை வேண்டாம்.

அப்பா

*

வீடு
மார்ச் 18

அப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

அம்மா வேலை முடிந்து வந்து, துணியை மெஷினில் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. அவள் திரும்பவில்லை. கையில் இருந்த சட்டையை உதறி உள்ளே போட்டுவிட்டு, "போடு. ஏழையும் போடு" என்றாள்.

போட்டேன். மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு ஏழையும் கேட்டாள். முடிந்ததும், "நாலாவதை இன்னொரு தடவை போடு" என்றாள். அதையும் கேட்டுவிட்டு, "அவன் பேசினா இப்படித்தான் இருக்கும்னு நானும் நினைச்சு வச்சிருக்கேன்" என்றாள். அவ்வளவுதான் அப்பா. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மெஷின் மூடியைச் சாத்திவிட்டுக் கேட்டாள்: "அப்ப 'அவன் என்கிட்ட பேசறான்'னு உங்கப்பா சொன்னது, என்னைக் குத்திக் காட்டறதுக்கு இல்லையா?"

நீங்கள் சொன்னதை அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். வளர்க்கத் தெரியவில்லை, உன்னிடம் பேசப் பிள்ளைக்கே பிடிக்கவில்லை என்று நீங்கள் கேலி செய்கிறீர்கள் என்று. நீங்கள் நிஜமாகவே கேட்டதைத்தான் சொன்னீர்கள் என்று அவளுக்குத் தெரியாது, உங்கள் முதல் கடிதத்தை நான் அவளுக்குப் படித்துக் காட்டவே இல்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சும் இல்லாமல், வார்த்தையும் இல்லாமல் பண்ணினது நான். இது வேடிக்கை இல்லை. உண்மை.

உங்களுக்கு எழுதச் சொன்னேன். "மூணு மாசமா நான் அதைத்தானே சொல்லிட்டிருக்கேன். புதுசா என்ன எழுதறது? வேணும்னா நீ பாத்ததை எழுது. கூட்டாம குறைக்காம எழுது" என்றாள். எழுதினேன். நேற்று ஞாயிறு, காலையில் ஒரு மணி நேரம். கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

9.10. கிளிப்புகளை வாளி விளிம்பில் மாட்டுகிறான். பன்னிரண்டு. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி மாட்டுகிறான்.

9.18. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்று தடவை. திரும்பவில்லை. அடுத்த அறைக்குப் போய் பிஸ்கட் டப்பாவை மெதுவாகத் திறந்தேன். ஓடி வந்தான்.

9.26. குழாய்க்குப் பக்கத்தில் நின்றான். டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். குடித்தான்.

9.33. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் அலமாரிக் கைப்பிடியில் என் கையை வைத்தான். திறந்து காரை எடுத்துக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும்தான் பார்த்தான், அது ஏதோ சாவி மாதிரி.

9.41. அழ ஆரம்பித்தான். தண்ணீர், பால், பிஸ்கட், கார், கிளிப், தூக்கிக்கொண்டு ஜன்னல், தூக்காமல் ஜன்னல், எல்லாம் காட்டினேன். தள்ளிவிட்டான். தரையில் நெற்றியை மோதினான். தரைக்கும் நெற்றிக்கும் நடுவில் என் உள்ளங்கையை வைத்தேன்.

9.55. அம்மா குளித்துவிட்டு ஓடி வந்து சட்டையைக் கழற்றினாள். நின்றுவிட்டது. புதுச் சட்டை. காலருக்கு உள்ளே தைத்திருந்த லேபிள் உறுத்தியிருக்கிறது. கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு.

10.10. கிளிப்புகள்.

இவ்வளவுதான் நான் பார்த்தது.

உங்கள் மகள்

*

அணைக்கட்டு முகாம்
மார்ச் 23

அன்புள்ள மகளுக்கு,

எலக்ட்ரீஷியன் லீவில் கிளம்புகிறார். தபாலை நம்பாமல் அவர் பையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நேராக வீட்டுக்கு வருவார். சாப்பிடாமல் அனுப்பாதே.

படிவம் உள்ளே இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்றாம் பக்கக் கட்டத்தை அம்மா இந்தத் தடவை காலியாக விட்டிருந்தாள். நான் எழுதட்டும் என்று விட்டாளோ என்னவோ. என் கையாலேயே பூஜ்யம் போட்டேன். சின்ன வட்டம்தான். போட நேரம் ஆனது.

பதினாலு நிமிஷம். கழுத்தில் உறுத்துகிறது என்று சொல்லத் தெரியாமல் ஒரு பிள்ளை பதினாலு நிமிஷம் தரையில் முட்டியிருக்கிறான். நான் இங்கே டைரியில் இருபத்திமூன்றை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆறாவது செய்தியில் "சீக்கிரமா" என்று வந்தது. எந்த ரெண்டு வயசுப் பிள்ளை "ர"வை அவ்வளவு சுத்தமாகச் சொல்லும்? எனக்கு அப்போதே பட்டது. பட்டதைத் தள்ளிவிட்டேன். நீ ஏமாற்றியதில் பாதிதான் உன் வேலை. மீதிப் பாதி நான் கேட்க ஆசைப்பட்டது.

அம்மாவிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிடுகிறேன். எடுக்கச் சொல். அது மட்டும் சொல்.

அவன் சட்டை எல்லாவற்றிலும் லேபிளை வெட்டிவிடு. தையலை வெட்டாமல்.

அப்பா

*

வீடு
ஏப்ரல் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

வேடிக்கைத் தடை நீங்கிவிட்டதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீங்கியிருக்காவிட்டால் அடுத்த தபாலில் தகவல் தரவும்.

எலக்ட்ரீஷியன் மாமா இரண்டு தடவை சாப்பிட்டார். மூன்றாவது தடவைக்கு வெட்கப்பட்டார். படிவம் இருபத்தேழாம் தேதியே மையத்துக்குப் போய்விட்டது. கவுண்டரில் இருந்தவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "ரெண்டு கையெழுத்தும் இருக்கு, திங்கட்கிழமை வாங்க" என்று முத்திரை குத்தினார். வெளியே வந்து அம்மா சைக்கிள் நிறுத்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டாள் பாருங்கள், பக்கத்தில் நின்ற சைக்கிள் சாயாதது ஆச்சரியம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் இரண்டு பேரும் என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திவிட்டாள். சாவித் துவாரம் வழியாக "ம்" மட்டும் பதினெட்டு தடவை கேட்டது. வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. ஆனால் முகம் நன்றாக இருந்தது.

இப்போது மையம். ஒரே ஒரு அறை. தரையில் ரப்பர் விரிப்பு, தாழ்வான மேஜை, உயரத்தில் ஒரு அலமாரி. பொம்மை எல்லாம் பிள்ளைகள் கைக்கு எட்டாத அந்த அலமாரியில்தான். என்ன கஞ்சத்தனம் என்று நினைத்தேன். வேண்டுமென்றேதானாம். எட்டினால் எதற்குக் கேட்க வேண்டும்?

தெரபிஸ்ட் அக்கா குள்ளம், மெல்லிய குரல், முழங்காலில்தான் நடப்பார். அவர் என்னிடம் கேட்டார், நான் பதில் சொன்னேன். தம்பிக்கு என்ன பிடிக்கும்? சொன்னேன். என்ன பிடிக்காது? சொன்னேன். இப்ப எதைப் பாக்கறான்? சொன்னேன். இப்ப அவனுக்கு என்ன வேணும்? அதையும் சொல்லி, எழுந்துபோய் எடுத்தும் கொடுத்தேன்.

"எல்லாத்தையும் நீயே சொல்லிட்டியேம்மா. தம்பி சொல்றதுக்கு எதாவது மிச்சம் வச்சிருக்கியா?" என்றார்.

"அப்ப நான்தான் அவனைக் கெடுத்தேனா?" என்று கேட்டேன். குரல் யாருடையதோ மாதிரி வந்தது, நான் மிமிக்ரி பண்ணவில்லை.

அக்கா உடனே தலையாட்டினார். "இல்லவே இல்ல. உன்னாலயும் இல்ல, அம்மாவாலயும் இல்ல. நீ எடுத்துக் குடுக்காம இருந்திருந்தா பேசியிருப்பான்னும் இல்ல. அவனுக்கு அந்த வழி தானா திறக்கல, அவ்வளவுதான். நாம திறந்து விடப்போறோம். அதுக்கு நீ ஒரே ஒரு வேலை செய்யணும்."

"என்னக்கா?"

"வாயை மூடிட்டு பத்து எண்ணணும்."

அம்மா சிரித்ததை நான் கவனித்தேன்.

அக்கா சோப்புக் குமிழி ஊதினார். பொட்டலம் குதித்தான். குமிழிகள் உடைந்தன. அவர் புட்டியை இறுக மூடி அவன் கையிலேயே கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். அவன் திருகிப் பார்த்தான், கடித்துப் பார்த்தான், தரையில் தட்டினான். நாலு, ஐந்து. எனக்குக் கை பரபரத்தது. ஆறு. வாயைத் திறந்தேன். அக்கா என் பக்கம் திரும்பாமலே தன் உதட்டில் விரல் வைத்தார். ஏழு. எட்டு. பொட்டலம் புட்டியை அவர் உள்ளங்கையில் வைத்தான். வைத்துவிட்டு அவரைப் பார்த்தான். கையை இல்லை அப்பா. முகத்தை. கண்ணை.

அக்கா ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை, ஊதிவிட்டார். அறை முழுக்கக் குமிழி.

"எப்ப பேசுவான்?" என்று அம்மா கேட்டாள். "தேதி சொன்னா அது பொய். ஆனா நமக்குச் சொல்லணும்னு அவனுக்குத் தோணிடுச்சு, பாத்தீங்கல்ல? அதுதான் முதல்ல வரணும். நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க" என்றார்.

வாரத்தில் மூன்று நாள் அங்கே. மீதி நேரம் வீட்டில் நாங்கள்தான் மையம். காரை, பிஸ்கட் டப்பாவை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டோம். அம்மா பத்து எண்ணுவதில் முதல் மதிப்பெண். எனக்கு ஐந்துக்கு மேல் எண்ணத் தெரியாது என்று கண்டுபிடித்திருக்கிறோம்.

ரேடியோ (ஒலி குறைக்கப்பட்டது)

*

அணைக்கட்டு முகாம்
ஏப்ரல் 26

அன்புள்ள ரேடியோவுக்கு,

தடை நீங்கியது. அளவோடு.

நீ பத்து எண்ண முடியவில்லை என்கிறாய். என் வேலை என்ன தெரியுமா? இருபது மாடி உயரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கொக்கியில் மூன்று டன் கம்பிக்கட்டு தொங்குகிறது. எங்கே போக வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், காலையிலிருந்து அதே இடத்துக்குத்தான் போகிறது. ஆனாலும் கீழே நிற்கிற சிக்னல்மேன் கையைத் தூக்கிக் காட்டாமல் ஒரு விரல்கடை அசைக்க மாட்டேன். அவர் மூக்கைச் சொறிந்தால் சொறிந்து முடிக்கும் வரை காத்திருப்பேன். தெரிந்ததை வைத்து முந்திக்கொண்டு அசைத்தால் கீழே ஒருவன் தலை போகும். பதினோரு வருஷமாக இப்படித்தான் சம்பாதிக்கிறேன். நீ என் மகள்தானே? எட்டு வரைக்குமாவது எண்ணு.

கேன்டீனில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அது அவன் குரல் இல்லை, என் மகள் செய்த குறும்பு, பையன் இன்னும் பேசவில்லை, பயிற்சிக்குப் போகிறான் என்று. யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சமையல்காரர் அதே கரண்டியைப் போட்டார். வெல்டர் மட்டும் சாப்பிட்டு முடித்ததும் என் அறைக்கு வந்தார். அவர் மகளுக்கு இரண்டு வயது எட்டு மாதம். "எங்க பொண்ணும் கூப்பிட்டா திரும்பறதில்ல அண்ணே. வீட்டுல சொன்னப்ப நான்தான் அதட்டினேன்" என்றார். மையத்தின் முகவரியை ஒரு தாளில் எழுதி அடுத்த கடிதத்தில் வை.

மே இருபத்தாறாம் தேதி வருகிறேன். இருபது நாள் லீவு. மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஒன்று கேட்க வேண்டும். ஒன்பது மாதம் ஆகிவிட்டது. அவனுக்கு என்னைத் தெரியுமா? போனதும் தூக்கலாமா? முன்பு தூக்கினால் காதைப் பிடித்துக்கொள்வான். இப்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று எழுது. நீ எழுதுகிறபடியே செய்கிறேன்.

அப்பா

*

வீடு
மே 18

அன்புள்ள அப்பாவுக்கு,

வெல்டர் மாமாவுக்கு முகவரி தனித்தாளில் இருக்கிறது. பின்பக்கத்தில் அம்மா தன் போன் நம்பரையும் எழுதியிருக்கிறாள். "அவங்க வீட்டுல அந்தப் பொம்பளை தனியாப் புலம்பிட்டிருக்கும். என்கிட்ட பேசச் சொல்லு" என்றாள்.

இப்போது உங்களுக்கான உத்தரவுகள். முதல் தடவையாக நான் உங்களுக்கு உத்தரவு போடுகிறேன், இந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கப் போகிறேன்.

வந்ததும் தூக்காதீர்கள். கூடத்தில் தரையில் உட்காருங்கள். "அப்பா யாரு, சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள், வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், அவன் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். நாலு கிளிப்பை எடுத்து நீங்களும் வாளியில் மாட்டுங்கள். அவன் உங்கள் கிளிப்பைப் பிடுங்கினால் சந்தோஷப்படுங்கள், அது வரவேற்பு. தெரியுமா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது அப்பா. தெரியாததைத் தெரியாது என்று எழுதப் பழகுகிறேன். ஆனால் தெரிந்துகொள்ள இருபது நாள் தாராளம், சோப்புக் குமிழி அக்காவை அவன் நாலு நாளில் பிடித்துக்கொண்டான்.

மூன்று வயது முடிந்துவிட்டது. முடிந்த அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை, அதற்கு முன்பே குழுவுக்குள் நுழைந்துவிட்டோமே என்று நானும் அம்மாவும் மட்டும் அடிக்கடி காலண்டரைப் பார்த்துக்கொண்டோம். ஒரு நாள் "ம்ம்பா" என்றான். பாலா, அம்மாவா, அப்பாவா, மாடா என்று தீர்ப்பு வரவில்லை. கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன், அது ஒரு "ம்ம்பா". அவ்வளவே.

பெரிய செய்தி வேறு. போன வாரம் அக்கா ஆறு அட்டைகள் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு படம்: தண்ணீர், பால், கார், குமிழி, வெளியே, போதும். வாய் வருகிறவரைக்கும் கை பேசட்டும், அட்டை கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடாது, சொல்லப்போனால் சீக்கிரம் வரும் என்றார். ஃப்ரிட்ஜ் கதவில் அவன் உயரத்துக்கு ஒட்டியிருக்கிறோம். குமிழியை முதல் நாளே பிடித்துக்கொண்டான். பால் மூன்றாம் நாள். "போதும்" அட்டையை மட்டும் தொடவே இல்லை. அதில் விரித்த கை ஒன்று இருக்கும். போதும் என்றால் என்னவென்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது என்று அம்மா கவலைப்பட்டாள்.

நேற்று சாயங்காலம். நான் அவனுக்குக் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தேன். முதலில் வாஷிங் மெஷின் சுற்றுகிற சத்தம். பிறகு அது துணி பிழிகிற சத்தம். பிறகு தலைமையாசிரியை துணி பிழிகிற மாதிரி. நல்ல கட்டத்தில் இருக்கிறேன், பொட்டலம் எழுந்தான். நிதானமாக ஃப்ரிட்ஜுக்கு நடந்தான். ஒரு அட்டையைப் பிய்த்தான். திரும்பி வந்து என் கையில் வைத்தான். என் கண்ணைப் பார்த்தான்.

போதும்.

மூன்று வருஷமாக இந்த வீட்டில் அவன் எனக்குச் சொல்லக் காத்திருந்த முதல் விஷயம்: அக்கா, நிறுத்து.

நிறுத்தினேன். என் வாழ்நாளில் இவ்வளவு வேகமாக நிறுத்தியதில்லை. அவன் நான் நிஜமாக நிறுத்திவிட்டேனா என்று என் வாயையே பார்த்தான். அப்புறம் சிரித்தான். ஓடிப்போய் அட்டையை ஒட்டிவிட்டு வந்தான். நான் மெதுவாக மெஷினை மறுபடி ஓட்டினேன். மறுபடி அட்டை. நிறுத்தினேன். மறுபடி சிரிப்பு. பதினோரு தடவை அப்பா! அம்மா கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பதினாறு வருஷமா என்னால முடியல. என் புள்ள ஒரு அட்டையில நிறுத்திட்டானே" என்றாள். எனக்கும் ஒரு அட்டை செய்து தா என்று கேட்டிருக்கிறாள், கணக்கு டீச்சருக்கும் ஒன்று அனுப்ப வேண்டுமாம்.

இன்று மையத்தில் அக்காவிடம் சொன்னபோது, "வேணும்னு கேக்கறதை விட வேண்டாம்னு சொல்றது பெரிய விஷயம். இனிமே சட்டை உறுத்தினாலும் சொல்ல அவனுக்கு ஒரு வழி இருக்கு" என்றார். அம்மா வழி முழுக்க அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது, பஸ் ஸ்டாண்டுக்கு யார் வருவது, உங்கள் பெட்டியில் அவனுக்கு என்ன வாங்கி

மன்னிக்கவும். வரி பாதியில் நின்றதற்குக் காரணம், இந்தத் தாளின் மேல் விரித்த கை ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. எழுதுவதையும் நிறுத்த வேண்டுமாம். சரி என்று பேனாவை மூடினேன். அவன் போகவில்லை. ஃப்ரிட்ஜுக்குப் போய் இன்னொன்றை எடுத்து வந்து முதலாவதன் பக்கத்தில் சேர்த்து வைத்தான். இதுவரை அவன் இரண்டு அட்டை சேர்த்து வைத்ததே இல்லை.

போதும். வெளியே.

அம்மாவைக் கத்திக் கூப்பிட்டுக் காட்டிவிட்டேன். அவள் தாளைத் தொடாமல் குனிந்து குனிந்து பார்க்கிறாள். அவன் கதவுக்குப் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்தத் தடவை எண்ணிக்கொண்டிருப்பது அவன்தான். செருப்பு மாட்டப் போகிறேன்.

உங்கள் மகள்